ஃபைனான்ஷியல் அட்வைசர் ஆகணுமா? இன்டர்ன்ஷிப் பிடிக்கிறதுல இருந்து முதல் வேலை வரைக்கும் முழு வழிகாட்டி

முப்பது வருஷம் உழைச்சு சேத்த காசை எங்க போடலாம்னு காலேஜ் முடிச்சு வந்த பிள்ளைகிட்ட யாராவது வந்து கேப்பாங்களா? மாட்டாங்க. இந்த ஃபீல்டுக்குள்ள புதுசா வர்ற எல்லாரும் முட்டிக்கிற சுவரு இதுதான். அனுபவம் இல்லாம கிளையன்ட் வரமாட்டாங்க, கிளையன்ட் இல்லாம அனுபவம் வராது. வக்கீலுக்குப் படிச்சவங்க ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா சேந்து கோர்ட்டுல பின்னாடி நின்னு பாத்து கத்துக்குறாங்கல்ல, இங்க அந்த இடத்துல இருக்கறது இன்டர்ன்ஷிப்தான்.

நிறைய பேர் இன்டர்ன்ஷிப்னா மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ், டேக்ஸ் எல்லாம் அங்க போய் கத்துக்கலாம்னு நினைக்கிறாங்க. அதெல்லாம் வீட்டுல உக்காந்தே படிச்சுரலாம், அதுக்கு ஆபீஸ் தேவையில்ல. ஆபீஸ்ல மட்டுமே கிடைக்கிறது ஒண்ணே ஒண்ணு, நிஜ கிளையன்ட் உக்காந்திருக்குற ரூமுக்குள்ள உங்களுக்கும் ஒரு நாற்காலி. கீழ சொல்லப்போற ஒவ்வொரு படியும் அந்த நாற்காலிக்குப் போற வழிதான்.

படி 1: அந்த ஆபீஸுக்கு காசு எங்க இருந்து வருதுன்னு பாருங்க

அப்ளை பண்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இது, ஆனா யாருமே செய்யறதில்ல, பேரைப் பாத்து, பில்டிங்கப் பாத்து அப்ளை பண்ணிடறாங்க. அட்வைஸ் தொழில்ல பொதுவா மூணு வகை இருக்கு. ஒண்ணு கமிஷன், அதாவது பாலிசியோ ஃபண்டோ வித்தா அந்த கம்பெனி தர்ற பணம். ரெண்டாவது ஃபீஸ், கிளையன்ட்டே நேரா கட்டறது. இது அவங்க போட்ட மொத்தப் பணத்துல இத்தனை சதவீதம்னு இருக்கலாம், வருஷத்துக்கு இவ்வளவுன்னு இருக்கலாம், மணிக்கணக்காவும் இருக்கலாம். மூணாவது ரெண்டும் கலந்தது.

கமிஷன்னாலே கெட்டதுன்னு நான் சொல்ல வரல. பிரிட்டன்ல 2012 டிசம்பர் 31ல இருந்து, அட்வைசர் மூலமா விக்கிற முதலீட்டுத் திட்டங்களுக்கு கம்பெனிகிட்ட கமிஷன் வாங்கக்கூடாதுன்னு புது விதி கொண்டுவந்தாங்க, பல நாட்டுல இன்னும் அனுமதி இருக்கு. உங்களுக்கு முக்கியமானது வேற. காசு வர்ற வழியை வச்சுத்தான் உங்க நாள் எப்படிப் போகும்னு முடிவாகும். கமிஷன் ஆபீஸ்ல இன்டர்னா சேந்தா பெரும்பாலும் ஃபோன், ஃபாலோ அப், ஃபார்ம். ஃபீஸ் வாங்குற பிளானிங் ஆபீஸ்ல சேந்தா எக்செல், சாஃப்ட்வேர், மீட்டிங் நோட்ஸ். விக்கத் தெரியறதும் இந்தத் தொழில்ல பெரிய சொத்துதான், அதுல சந்தேகமே வேணாம், ஆனா எதுக்காகப் போறோம்னு தெரிஞ்சுட்டுப் போகணும்.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப உஷாரா இருங்க. இன்டர்வியூலயே "உங்க சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் பேரு நம்பர் ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்க"ன்னு கேட்டா அங்க வேணும்கறது உங்களை இல்ல, அந்த லிஸ்ட்டை. மாமா ஒரு பாலிசி, சித்தி ஒரு பாலிசி, லிஸ்ட் தீந்ததும் இன்டர்ன்ஷிப்பும் தீந்துரும். டிரெயினிங்குக்கு நீங்க காசு கட்டணும்னு சொன்னா யோசிக்கவே வேணாம், கெளம்பிடுங்க.

படி 2: போறதுக்கு முன்னாடி கையில கொஞ்சம் சரக்கு வேணும்

ரொம்ப இல்ல, கொஞ்சம் போதும். எக்செல்ல எஃப்வி (போட்ட பணம் பின்னாடி எவ்வளவு ஆகும்), பிஎம்டி (தவணைக்கு எவ்வளவு கட்டணும்), எக்ஸ்ஐஆர்ஆர் (வேற வேற தேதியில போட்ட பணத்துக்கு வருஷ ரிட்டர்ன் என்ன) இந்த மூணு ஃபங்ஷனும் கை பழகியிருக்கணும். படிச்சா பழகாது, கணக்கு போடணும். ரெண்டு கணக்கு நானே தர்றேன், இதை நீங்களா ஷீட்ல போட்டுப் பாத்து வேற ஒருத்தருக்கு விளக்கத் தெரிஞ்சுட்டா பாதி இன்டர்வியூ முடிஞ்ச மாதிரி.

முதல் கணக்கு ஃபீஸ் பத்தினது. 100ஐ வருஷம் 8 சதவீதத்துல 30 வருஷம் விட்டா சுமார் 1006 ஆகும். அதுலயே வருஷா வருஷம் 1 சதவீதம் செலவாப் போயி 7 சதவீதம்தான் கிடைக்குதுன்னா சுமார் 761. வெறும் ஒரு சதவீதம்னு கேக்கும்போது சின்னதாத் தெரியுது, கடைசியில கால் பங்கு கிட்டத்தட்ட காணாமப் போயிடுது. இதை நல்லாப் புரிஞ்சுக்கிட்டா ஒரு கேள்வி தானா வரும், அந்த ஒரு சதவீதத்துக்கு அட்வைசர் என்ன திருப்பித் தரணும்? அந்தக் கேள்விக்கு பதில் தேடத்தான் நீங்க இன்டர்ன்ஷிப்புக்கே போறீங்கன்னு வச்சுக்கோங்க.

ரெண்டாவது கணக்கு ரிட்டயர் ஆனவங்களுக்கு. கையில 1000 இருக்கு, ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும் 50 எடுத்து செலவு பண்றாங்க. மூணு வருஷ ரிட்டர்ன் முதல்ல மைனஸ் 20, அப்புறம் 10, அப்புறம் 25 சதவீதம்னு வந்தா கடைசியில மிஞ்சறது சுமார் 919. அதே மூணு ரிட்டர்ன் தலைகீழா, முதல்ல 25, அப்புறம் 10, அப்புறம் மைனஸ் 20னு வந்தா 966. பணமே எடுக்காம இருந்திருந்தா ரெண்டுமே 1100தான்! சராசரி ஒண்ணுதான், வரிசை மாறினதுக்கே இவ்வளவு வித்தியாசம். ரிட்டயர் ஆகப்போறவங்களுக்கு அட்வைசர் ஏன் ரெண்டு மூணு வருஷச் செலவை தனியா பத்திரமா வைக்கச் சொல்றாருன்னு இந்த ஒரு கணக்கு சொல்லிடும்.

பரீட்சை ஏதாவது எழுதலாமான்னு கேப்பீங்க. நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல எஸ்ஐஇன்னு ஒரு ஆரம்பப் பரீட்சை இருக்கு, 18 வயசு ஆனா போதும், எந்தக் கம்பெனியிலயும் வேலையில இருக்கணும்னு அவசியம் இல்ல, பாஸ் பண்ணா நாலு வருஷம் செல்லும். அதனால ஸ்டூடண்டா இருக்கும்போதே எழுதிட்டுப் போறவங்க உண்டு. இந்தியாவுல முதலீட்டு ஆலோசகரா செபிகிட்ட (பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு பண்ண, என்ஐஎஸ்எம்ங்கற செபியோட பயிற்சி நிறுவனம் நடத்துற பத்து ஏ, பத்து பி (X-A, X-B) பரீட்சை ரெண்டும் முடிக்கணும். எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் இன்டர்ன்ஷிப்னு உக்காந்துடாதீங்க, முதல் பரீட்சைக்குப் படிச்சுட்டு இருக்கேன்னு சொல்ற நிலைமையில இருந்தா போதும்.

படி 3: இடம் பிடிக்கிறது

பெரிய பேங்க், பெரிய புரோக்கரேஜ் எல்லாம் வெப்சைட்ல போடுவாங்க, ஆயிரக்கணக்குல அப்ளிகேஷன் போகும், நீங்களும் போடுங்க, தப்பில்ல. ஆனா மூணு பேர் அஞ்சு பேர் வேலை பாக்குற சின்ன அட்வைசரி ஆபீஸ் எதுவும் இன்டர்ன் வேணும்னு விளம்பரமே குடுக்காது. அவங்களுக்கு ஆள் தேவைப்படாம இல்ல, தேடறதுக்கு நேரம் இல்ல. அந்த ஆபீஸ்லதான் ரெண்டாவது வாரமே மீட்டிங்ல உக்கார வைப்பாங்க. பெரிய இடத்துல பேரு கிடைக்கும், அமைப்பான டிரெயினிங் கிடைக்கும், ஆனா கிளையன்ட் முகத்தையே பாக்காம ரெண்டு மாசம் ஓடிடலாம். என்னைக் கேட்டா சின்ன இடம்தான், வேற யோசனையே வேணாம்.

அட்வைசர் சங்கங்களோட வெப்சைட்ல மெம்பர் லிஸ்ட் இருக்கும், பதிவு பண்ணவங்க பட்டியலை ஒழுங்குமுறை ஆணையம் வெப்சைட்லயும் பாக்கலாம். அதுல இருபது ஆபீஸ் எடுத்து ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மெயில் எழுதுங்க. ஒரே மெயிலை எல்லாருக்கும் அனுப்பினா திறந்ததுமே தெரிஞ்சுடும். இப்படி ஒண்ணு எழுதலாம்:

"வணக்கம். நான் வணிகவியல் கடைசி வருஷம் படிக்கிறேன். ரிட்டயர் ஆகப்போறவங்களுக்கு மட்டும் பிளான் போடறதா உங்க பக்கத்துல பாத்தேன். பணத்தை எடுக்க ஆரம்பிச்ச அப்புறம் ரிட்டர்ன் வரிசை மாறினா என்ன ஆகும்னு ஒரு எக்செல் ஷீட் போட்டிருக்கேன், இதோட வச்சிருக்கேன். எட்டு வாரம், வாரத்துல மூணு நாள் உங்க ஆபீஸ்ல வேலை கத்துக்க விரும்பறேன். டேட்டா என்ட்ரி, மீட்டிங் நோட்ஸ், ஃபைல் அடுக்கறது எதுவா இருந்தாலும் செய்யத் தயார். பதினஞ்சு நிமிஷம் பேச நேரம் கிடைக்குமா?"

பாத்தீங்கன்னா இதுல "பேரார்வம்", "கடின உழைப்பாளி" மாதிரி ஒண்ணுமே இல்ல. அவங்க ஆபீஸைப் பத்தி ஒரு வரி, நீங்க செஞ்ச ஒரு வேலை, எத்தனை நாள், என்ன கேக்கறீங்க, அவ்வளவுதான். பதில் வரலைன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேணாம்.

நேர்ல போக வழியே இல்லைன்னா ஆன்லைன்ல வழி இருக்கு. 2020ல கொரோனாவால அமெரிக்காவுல நிறைய இன்டர்ன்ஷிப் கேன்சல் ஆனப்போ அங்க எஃப்பிஏங்கற பிளானர்கள் சங்கம் எக்ஸ்டர்ன்ஷிப்னு ஆன்லைன்லயே ஒரு புரோகிராம் ஆரம்பிச்சாங்க, கிளையன்ட் மீட்டிங் எப்படி நடக்குதுன்னு அதுல பாக்க முடிஞ்சது. நேர்ல இருக்குற மாதிரி வராது, ஆனா ஒண்ணும் இல்லாததுக்கு எவ்வளவோ மேல்.

இன்டர்வியூல நீங்களும் கேள்வி கேக்கணும். கிளையன்ட் மீட்டிங்ல உக்கார விடுவீங்களா, என் வேலையை யார் பாத்து திருத்துவாங்க, இதுக்கு முன்னாடி இருந்த இன்டர்ன் இப்ப எங்க இருக்காங்க, இந்த மூணும் போதும். மூணாவது கேள்விக்கு வர்ற பதில்லயே நிறைய தெரிஞ்சுடும். சம்பளம் உண்டான்னு கேக்க கூச்சப்படாதீங்க, காசு பத்திப் பேசறதுதான இந்தத் தொழிலே!

படி 4: முதல் ரெண்டு வாரம்

போரடிக்கும். ஃபார்ம், ஸ்கேன், அட்ரஸ் மாத்தறது, சாஃப்ட்வேர்ல நம்பர் ஏத்தறது. இதைக் கேவலமா நினைச்சா அங்கயே கதை முடிஞ்சது, ஏன்னா ஒரு குடும்பத்தோட சம்பளம், கடன், இன்ஷூரன்ஸ், பிள்ளைங்க வயசு எல்லாத்தையும் ஒரே ஸ்கிரீன்ல பாக்குற வாய்ப்பு வேற எங்கயும் கிடைக்காது. இருபது ஃபைல் ஏத்தினதுக்கு அப்புறம் கண்ணு தானா பிடிச்சுக்கும், இவங்களுக்கு கடன் ஜாஸ்தி, இவங்களுக்கு லைஃப் கவர் பத்தாது, இவங்க எல்லாத்தையும் ஒரே கம்பெனி ஷேர்ல வச்சிருக்காங்கன்னு.

ரெண்டு விஷயத்துல கோட்டைத் தாண்டவே கூடாது. ஒண்ணு ரகசியம். கிளையன்ட் பேரு, தொகை எதுவும் வீட்டுல கூட பேசக்கூடாது, ஃபைலை சொந்த மெயிலுக்கு அனுப்பக்கூடாது, ஸ்கிரீனை ஃபோட்டோ எடுக்கக்கூடாது. இன்னொண்ணு, லைசென்ஸ் இல்லாம அட்வைஸ் சொல்லக்கூடாது. ஃபோன் எடுக்கும்போது கிளையன்ட் சும்மா பேச்சுவாக்குல "ஏம்ப்பா, இப்ப எடுத்துடலாமா, இல்ல விட்டு வைக்கலாமா"ன்னு கேப்பாங்க. பதில் தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது. "சார் மீட்டிங்ல இருக்காரு, இன்னைக்கே உங்களைக் கூப்பிடச் சொல்றேன்"ன்னு சொல்லி, அவங்க என்ன கேட்டாங்களோ அதை அப்படியே எழுதி வச்சு குடுத்துடுங்க.

படி 5: அந்த நாற்காலி

மீட்டிங்ல உக்கார கூப்பிடறது வரைக்கும் காத்துட்டு இருக்க வேணாம். "அடுத்த வார ரிவ்யூ மீட்டிங்குக்கு ஃபைலை நான் ரெடி பண்ணித் தரட்டுமா"ன்னு கேளுங்க. ரெடி பண்றதுன்னா என்ன? எல்லா அக்கவுன்ட்டோட லேட்டஸ்ட் ஸ்டேட்மென்ட் எடுக்கணும். போன மீட்டிங் நோட்ஸ் எடுத்து, செய்யறேன்னு சொன்னதுல எது இன்னும் நிக்குதுன்னு பாக்கணும். ஒவ்வொரு அக்கவுன்ட்லயும் பாலிசியிலயும் நாமினி யாருன்னு பாக்கணும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் பாக்க மாட்டாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேரு போட்டது அப்படியே இருக்கும், விவாகரத்து ஆகி பல வருஷம் கழிச்சும் பழைய துணை பேரே கிடக்கும். இப்படி ஒண்ணைக் கண்டுபிடிச்சு ஒரு சின்ன சீட்டுல எழுதி ஃபைல் மேல வச்சீங்கன்னா, அடுத்த மீட்டிங்குக்கு உங்களைக் கூப்பிடாம இருக்க மாட்டாங்க.

உள்ள போனா உங்க வேலை எழுதறது மட்டும்தான். லேப்டாப் வேணாம், நோட்டும் பேனாவும் போதும், தட்டுற சத்தத்துல பேசறவங்க நிறுத்திடுவாங்க.

இப்படி ஒரு மீட்டிங்னு வச்சுக்கோங்க. கணவன் மனைவி வந்திருக்காங்க, அவரு அரை மணி நேரமா போன வருஷ ரிட்டர்ன் ஏன் கம்மின்னு கேட்டுட்டு இருக்காரு, அந்தம்மா ஒரு வார்த்தை பேசல. அட்வைசர் சார்ட்டை மூடி வச்சுட்டு அவங்க பக்கம் திரும்பி "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க"ன்னு கேக்குறாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்க சொல்றாங்க, "அம்மாவை இங்கயே கூட்டிட்டு வந்துரலாம்னு இருக்கோம், அவங்களால இனி தனியா இருக்க முடியாது." அவ்வளவுதான், மொத்த பிளானும் மாறிடுச்சு. மருத்துவச் செலவு, கையில இருக்க வேண்டிய ரொக்கம், அந்தம்மா வேலையைக் குறைச்சுக்கிட்டா குடும்ப வருமானம், எல்லாம் திரும்பப் போடணும். அரை மணி நேரம் பேசின ரிட்டர்ன் கணக்கு ஒரு ஓரத்துக்குப் போயிடுது. அட்வைசர் அங்க செஞ்சது ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இருந்தது. இது எந்தப் பரீட்சையிலயும் வராது, பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் ஏறும்.

அப்போ நோட்ஸ்ல என்ன எழுதணும்? "தாயார் பராமரிப்பு பற்றி விவாதிக்கப்பட்டது"ன்னு எழுதினா அது உதவாது. அந்தம்மா சொன்ன வாக்கியத்தை சொன்னபடியே எழுதுங்க. அதுக்குக் கீழ முடிவு என்ன, யாரு எதை எந்தத் தேதிக்குள்ள செய்யணும், எது முடிவாகாம நிக்குது. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சுத்தமா டைப் பண்ணி அட்வைசருக்கு அனுப்பிடணும், அடுத்த நாள் அனுப்பினா பாதி மறந்துடும். நோட்ஸ் வெறும் ஞாபகக் குறிப்பு இல்ல, நாளைக்கு பிரச்சனைன்னு வந்தா அதுதான் ஆதாரம். அமெரிக்காவுல எஸ்இசியும் (அங்க உள்ள பங்குச்சந்தை ஆணையம்) சரி இந்தியாவுல செபியும் சரி, அட்வைசர்கள் ரெக்கார்டை அஞ்சு வருஷம் வச்சிருக்கணும்னு சொல்றாங்க. ஆக நீங்க எழுதற பக்கத்தை நாலு வருஷம் கழிச்சு ஒரு ஆடிட்டர் படிக்கலாம்.

மீட்டிங் முடிஞ்சு கிளையன்ட் போனதும் அட்வைசர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, பத்து கேக்காதீங்க. "அவரு எல்லாத்தையும் எடுத்துடலாம்னு சொன்னப்போ நீங்க ஏன் உடனே மறுத்துப் பேசல?" இந்த மாதிரி, நடந்ததை வச்சு ஒண்ணு. இப்படிக் கேட்டா அவங்களுக்கும் சொல்ல பிடிக்கும்.

படி 6: சொந்தமா ஒரு பிளான்

ஆபீஸ்ல பாத்ததை வச்சு கற்பனைக் குடும்பம் ஒண்ணுக்கு முழு பிளான் போடுங்க. கற்பனைன்னா கற்பனைதான், நிஜ கிளையன்ட் பேரை மாத்தி போடறது கிடையாது. அமெரிக்க சிஎஃப்பி போர்டு (பிளானர்களுக்கு சிஎஃப்பிங்கற சான்றிதழ் தர்ற அமைப்பு) பிளானிங்கை ஏழு படியா பிரிச்சிருக்கு. கிளையன்ட்டோட நிலைமையைப் புரிஞ்சுக்கிறது, இலக்கு முடிவு பண்றது, இப்ப போற பாதை எங்க கொண்டு போகும்னு பாக்கறது, பரிந்துரை தயார் பண்றது, அதை எடுத்துச் சொல்றது, செயல்படுத்தறது, தொடர்ந்து கவனிக்கிறது. உங்க பிளான் இந்த வரிசையில போனா போதும். ஆனா ரெண்டு பக்கத்துக்கு மேல போகாதீங்க, நாப்பது பக்க ரிப்போர்ட்டை எந்தக் கிளையன்ட்டும் படிக்கிறதில்ல. முடிச்சுட்டு அட்வைசர்கிட்ட குடுத்து தயவு பாக்காம திருத்தித் தரச் சொல்லுங்க. சிவப்பு பேனா பட்ட அந்தக் காப்பியை தூக்கிப் போடாதீங்க, அடுத்த இன்டர்வியூல காட்ட அதைவிட நல்லது கிடையாது.

படி 7: மணிக்கணக்கை எழுதி வைங்க

இதுக்கு பெருசா ஒண்ணும் வேணாம், ஒரு ஷீட்: தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார் மேற்பார்வை. சிஎஃப்பி போர்டுல சான்றிதழ் வாங்க 6,000 மணி நேர அனுபவம் வேணும், இல்லைன்னா சிஎஃப்பி சான்றிதழ் வச்சிருக்குற ஒருத்தரோட நேரடி மேற்பார்வையில 4,000. அதுல பிளானிங் சம்பந்தப்பட்ட இன்டர்ன்ஷிப் நேரத்தையும் கணக்குல எடுத்துக்குறாங்க, பரீட்சைக்குப் பத்து வருஷம் முன்னாடி செஞ்ச வேலை வரைக்கும் செல்லும். ஆஸ்திரேலியாவுல வேற மாதிரி, புதுசா வர்ற அட்வைசர் மேற்பார்வையில வேலை பாத்து 1,600 மணி நேர புரொஃபஷனல் இயர் முடிக்கணும், அது வேற, இன்டர்ன்ஷிப் வேற. உங்க நாட்டு விதியை முதல் வாரமே பாத்து வச்சுட்டு, கடைசி நாள் ஷீட்ல கையெழுத்து வாங்கிடுங்க. மூணு வருஷம் கழிச்சு அந்த ஆபீஸே வேற கைக்கு மாறியிருக்கலாம், யாருகிட்ட போய் கேப்பீங்க?

படி 8: வேலையா மாத்தறது

கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. முடியறதுக்கு மூணு வாரம் முன்னாடி அட்வைசர்கிட்ட நேரா கேளுங்க: "எனக்கு இங்கயே தொடரணும்னு இருக்கு, அதுக்கு நான் எதுல தேறணும்?" இடம் இருந்தா சொல்லுவாங்க, இல்லைன்னா அதையும் சொல்லுவாங்க, ரெண்டுமே நல்லதுதான். இல்லைன்னு சொன்னா ஒரு சிபாரிசுக் கடிதமும், அவங்களுக்குத் தெரிஞ்ச வேற ரெண்டு அட்வைசர்கிட்ட ஒரு அறிமுகமும் கேளுங்க. இந்தத் தொழில்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒரு ஃபோன் கால் இருபது மெயிலுக்கு சமம்.

முதல் வேலை அட்வைசர்னு இருக்காது. பாராபிளானர், கிளையன்ட் சர்வீஸ், அசோசியேட் இப்படி ஏதாவது பேருல வரும். பாராபிளானர்னா பின்னாடி உக்காந்து பிளான் தயார் பண்றவங்க, அசோசியேட்னா மீட்டிங்ல பாதியை நடத்தறவங்க, அதுக்கு அப்புறம்தான் சொந்தமா கிளையன்ட் கையில வருவாங்க. நடுவுல வருஷக்கணக்கா ஆகும். சில இடத்துல நேரா அட்வைசர் பட்டமே குடுத்து கார்டும் அடிச்சுத் தருவாங்க, ஆனா சம்பளம் முழுக்க கமிஷனா இருக்கும், சேமிப்பு இல்லாத புதுசுங்க அதுல தாக்குப் பிடிக்கிறது கஷ்டம். கார்டுல என்ன பேரு இருக்குங்கறதைவிட, நிரந்தர சம்பளம் எத்தனை மாசத்துக்கு, உங்களுக்குன்னு ஒரு சீனியர் இருக்காரா, இதைப் பாருங்க.

ஆஃபர் லெட்டர் கையில வந்ததும் ரெண்டு வரியைத் தேடிப் படிங்க. ஒண்ணு, வேலையை விட்டா அங்க பழகின கிளையன்ட்டை எத்தனை காலம் நீங்க தொடர்பு கொள்ளக்கூடாதுங்கறது. இன்னொண்ணு பரீட்சை ஃபீஸ். ஆபீஸே கட்டறோம்னு சொன்னா, எத்தனை வருஷத்துக்குள்ள கெளம்பினா அதை நீங்க திருப்பிக் கட்டணும்னு கேளுங்க. பதிலை வாய்வார்த்தையா விடாம லெட்டர்லயே எழுதி வாங்கிட்டு, அப்புறமா கையெழுத்து போடுங்க.